ஊக்கு

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஒரு மாடி அறை. ஜன்னலோரம் உட்கார்ந்து
கூவமும் எங்களோடு வேலை பார்க்கும்.
எனக்கு ஒரு சிவப்புப் பேனா,
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.

என் மேசைக்கு வருகிறவை பெரும்பாலும்
ஜெயித்தவர்கள் எழுதிய தன்கதைகள்.
புற்றை ஜெயித்தவர், கடனை ஜெயித்தவர்,
மூன்று முறை தோற்று நான்காவதில் கலெக்டர் ஆனவர்.
பின்னட்டையில் தவறாமல்
‘ஊக்கமூட்டும் நூல்.’
நான் ஒற்று மட்டும் பார்ப்பேன்.
துன்பத்துக்குப் பிறகு ஒற்று மிகும்,
இன்பத்துக்குப் பிறகும் மிகும்.
அதற்கு மேல் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

தேசம்மாள் எழுதியது வந்து சேர்ந்தது
என் முப்பத்திரண்டாம் நாளில்.
நாள் என்றால் குடிக்காத நாள்.
விரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது,
திருத்தக் குறிகளெல்லாம் கோழிக் கிறுக்கல்.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
உடைக்கும் எந்திரத்தின் பெல்ட்
வலது கையை முழங்கைக்கு மேல் எடுத்துக்கொண்டதை
ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்.
ஒன்பது பக்கம் எழுதியிருப்பது
ஓர் ஊக்கைப் பற்றி.
முந்தானை தோளில் நிற்க
இடது கையால் மட்டும்
ஓர் ஊக்கு மாட்டப் பழகியது பற்றி.
பல்லால் கவ்வி, தோளைச் சுவரில் அழுத்தி,
குத்திக்கொண்டு, சீ என்று வீசி எறிந்து,
பிறகு கரண்ட் போன இருட்டில்
தரையைத் தடவித் தடவித் தேடி.
ஏழு மாதம்.
பதிப்பாளர் ஓரத்தில் எழுதியிருந்தார்:
‘நீளம். குறைக்கவும்.’
நான் இரண்டு தரம் படித்தேன்,
பிழைக்காக அல்ல.

எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி:
‘ராத்திரி ஆனா அழுவேன்.’
‘அழுதேன்’ என்று திருத்திவிட்டு
பக்கத்தில் ஒரு கேள்வியும் போட்டேன்:
அப்போது அழுததா, இனி அழப்போவதா?
காலம் தெளிவாக இல்லை.

படி திரும்பி வந்தது.
இடது கை எழுத்து, செதில் செதிலாக
ஒன்றின்மேல் ஒன்று ஏறி:
‘ரெண்டுந்தான் சார்.’

நம் மொழி அப்படித்தான்.
விட்டுப்போன வழக்கத்துக்கும்
வரப்போகும் நாளுக்கும்
ஒரே இடைநிலையைக் கொடுத்துவைத்திருக்கிறது.
குடிப்பேன்.
அப்போதெல்லாம் விளக்கு வைத்ததும் குடிப்பேன்.
நாளைக்கும்
அதே சொல்தான், ஓர் எழுத்து மாற வேண்டாம்.
முப்பது வருஷம் இலக்கணம் பார்த்தவன்
இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

அவர் வரிக்கு அடியில் புள்ளி வைத்தேன்.
எங்கள் தொழிலில் அதற்கு
அடித்தது தவறு, இருந்தபடி இருக்கட்டும் என்று பொருள்.
ஒன்பது பக்கத்தையும் வெட்டாமல் அனுப்பினேன்.
பதிப்பாளர் என்ன செய்தாரோ, தெரியாது.

நாற்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை.
பையில் கூலி.
பறக்கும் ரயில் நடைமேடையிலிருந்து பார்த்தால்
கீழே கடையின் மஞ்சள் விளக்கு தெரியும்.
மணி ஒன்பது இருபது. பத்துக்கு ஷட்டர்.
படிக்கட்டு நாற்பத்தெட்டு, எண்ணியிருக்கிறேன்.

சட்டையில் ஒரு பொத்தான் எப்போதோ போய்
அந்த இடத்தில் ஓர் ஊக்கு.
கழற்றினேன்.
வலது கையை முதுகுக்குப் பின்னால்
பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டேன்.
மாட்டு பார்க்கலாம்.

வேளச்சேரி வண்டி வந்தது, போனது.
சுண்டல் விற்கிற பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.
‘இன்னா சார், நான் மாட்டி வுடவா?’
தலையை ஆட்டினேன், வாயில் ஊக்கு.
அடுத்த வண்டியும் போனது.
கட்டைவிரலில் சின்னதாய்ச் சிவப்புப் புள்ளி.
சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி.

கீழே தகரம் ஒரு தரம் நீளமாக இருமி
ஷட்டர் தரையைத் தொட்டது.

ஊக்கு மாட்டின பாடில்லை.
நெஞ்சில் காற்று படப்பட
கடைசி வண்டிக்கு நின்றேன்.